ஒளி பெற்ற முகங்களும் ஒளி பெறாத முகமும்

பழைய நாளைய வீடுகளில் படங்களுக்கென்று ஓர் ஒழுங்குமுறை இருந்தது. பூஜை அறையில் ரவிவர்மாவின் லக்ஷ்மியும் ஸரஸ்வதியும் வீற்றிருப்பார்கள். கூடத்துச் சுவரில் மகாத்மாவும் ஜவாஹர்லாலும், அவர்களுக்குப் பக்கத்தில் தலைப்பாகையுடன் தாத்தாவும் இடம் பெற்றிருப்பார்கள். சினிமா நட்சத்திரங்களுக்குக் கூடத்தில் பிரவேசம் கிடையாது. அவர்களுடைய இருப்பிடம் டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறந்தான். வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளையாண்டான் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் டி. ஆர். ராஜகுமாரியோ, தியாகராஜ பாகவதரோ அவனைப் பார்த்துப் புன்னகை புரிவார்கள். தகப்பனாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் பெட்டி மூடிக்கொள்ளும்!

அந்தப் படங்கள் வீட்டுக்குள் நுழைந்த வழிகள் பல. கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தின் அட்டை ஒரு வழி. 1942-இல் தோன்றிய 'பேசும் படம்' பத்திரிகையின் வழவழப்பான பக்கங்கள் மற்றொரு வழி. 1941-இல் லீலா சிட்னிஸ் லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் தோன்றிய பிறகு, மளிகைக் கடைச் சாமானோடும் நட்சத்திரங்களின் முகங்கள் வந்து சேர்ந்தன. படம் பார்ப்பது வருஷத்துக்கு இரண்டு முறைதான் என்று விரதம் கொண்ட குடும்பங்களுக்குக்கூட நட்சத்திரங்களின் முகங்கள் மனப்பாடமாகி விட்டன.

இந்த முகங்களை நேரில் கண்டவர்கள், "படத்தில் இருப்பது போல் இல்லையே!" என்று சிறிது ஏமாற்றத்துடன் திரும்பி வருவதுண்டு. அது நட்சத்திரத்தின் குற்றமன்று. முகத்துக்கு ஒளி கொடுத்த போட்டோக்காரருடைய கைவரிசை அத்தகையது. முகத்தைப் பலகோடி ஜனங்கள் அறிவார்கள். அதைச் சமைத்தவருடைய பெயரை அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவருடைய வித்தையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது, பிறகு நான் சொல்லப் போகும் நாஞ்சில் நாட்டு விஷயம் ஒன்றுக்கு அவசியம்.

விளக்கும் பென்ஸிலும்

இந்தக் கலை பூரண வளர்ச்சி பெற்ற இடம் ஹாலிவுட். அங்கே மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் கம்பெனியில் 1925 முதல் 1930 வரை ரூத் ஹாரியட் லூயிஸ் என்ற இளம்பெண் நட்சத்திரங்களைப் படம் பிடித்து வந்தார். கிரேட்டா கார்போவின் முகத்தைப் பல வருஷங்கள் படமெடுத்துப் புகழ் பெற்றவர் கிளாரன்ஸ் சின்கிளேர் புல். இவர்கள் எல்லோரையும்விடப் பெயர் வாங்கியவர் ஜார்ஜ் ஹரெல் (1904-1992). நார்மா ஷீரர் என்ற நடிகையைக் குடும்பப் பெண் வேஷத்துக்குத்தான் லாயக்கு என்று படாதிபதிகள் எண்ணியிருந்தார்கள். ஹரெல் 1929-இல் எடுத்த சில படங்கள் அந்த எண்ணத்தைத் தலைகீழாக மாற்றின. 'தி டைவர்ஸீ' படத்தில் அவருக்கு வேஷம் கிடைத்தது. அதற்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. ஹரெலுக்கு அந்தக் கம்பெனியில் உத்தியோகம் கிடைத்தது.

அவர்கள் உபயோகித்தது பெட்டி போன்ற பெரிய காமிரா. பத்து அங்குலம் நீளமும் எட்டு அங்குலம் அகலமும் கொண்ட நெகடிவ். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தால், பின்புறத்துத் தேய்த்த கண்ணாடியில் நட்சத்திரம் தலைகீழாகத் தெரியும். நடிகை மூச்சை அடக்கி, கண் இமைக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் படங்களில் காணும் தெய்வீகச் சாந்தத்தில் ஒரு பங்கு, அசையக் கூடாதென்ற பயம்!

பிரதான விளக்கை முகத்துக்கு நேர் எதிரே, உயரத்தில் வைத்தால் மூக்கின் கீழே வண்ணத்துப்பூச்சியின் வடிவில் சிறு நிழல் விழும். கன்ன எலும்பு எடுப்பாகத் தோன்றும். மார்லீன் டீட்ரிச்சின் படங்களில் இதைக் காணலாம். அதே விளக்கை ஒரு பக்கமாக நகர்த்தினால் முகத்தில் பாதி இருளில் ஆழ்ந்துவிடும். எதிர்க் கன்னத்தில் முக்கோணமாக ஓர் ஒளித் துண்டு மட்டும் நிற்கும். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் இந்த முறை வழங்குகிறது. தலைக்குப் பின்னால் மற்றொரு விளக்கு வைத்தால் கூந்தலின் ஓரம் வெள்ளி இழை போல் மின்னும். ஹரெல், பேசும் படங்களில் ஒலிவாங்கியைத் தொங்கவிடும் நீண்ட கழியைப் போலவே ஒரு கழி செய்து, அதன் நுனியில் விளக்கைக் கட்டி, வேண்டிய இடத்துக்கெல்லாம் கொண்டு சென்றார்.

படம் எடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. நெகடிவில் வெளிச்சம் இருளாகவும் இருள் வெளிச்சமாகவும் இருக்கும் என்பது நேயர்கள் அறிந்ததே. ஆகையால் முகத்துச் சுருக்கம் நெகடிவில் தெளிவான கோடாகத் தெரியும். கூர்மையான பென்ஸிலால் அந்தக் கோட்டை மெல்ல நிரப்பினால், அச்சில் சுருக்கம் மறைந்துவிடும். கறுப்பாக உள்ள இடத்தைச் சிறு கத்தியால் சுரண்டினால், அச்சில் அங்கே நிழல் கூடும். பருத்த இடை மெலியும். ஜோன் கிராஃபோர்டின் முகம் நிறையச் சிறு புள்ளிகள் உண்டு. பென்ஸில் படுவதற்கு முன் எடுத்த பிரதியையும் பின் எடுத்த பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அக்காள் தங்கை என்றுகூட ஒருவரும் சொல்ல மாட்டார்கள். இன்று கைத்தொலைபேசியில் ஒரு விரல் தடவலில் முகத்தை வழவழப்பாக்கும் நம் பிள்ளைகள் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அக்காலத்தில் அதற்குப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டியிருந்தன, அவ்வளவுதான்.

சிவப்பைக் காணாத கண்

மாநிறத்தவர்களாகிய நமக்கு இதில் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. ஆரம்ப நாளைய பிளேட்டுகளும் பிலிம்களும் சிவப்பு நிறத்தை உணராதவை. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கைத் தைரியமாக ஏற்றி வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். சிவப்பை உணராத பிலிமில் சிவந்த உதடு கருத்துப்போகும். பழுப்பும் செம்மையும் கலந்த நம்முடைய தோல், உள்ளதைவிட இன்னும் இருண்டு பதியும். எல்லா நிறங்களையும் உணரும் 'பான்குரோமாட்டிக்' பிலிம் 1920-களின் பிற்பகுதியில்தான் சினிமா உலகில் பரவலாக வழக்கத்துக்கு வந்தது.

ஆகவே, நம் நாட்டு நடிகர்கள் முகத்தில் அப்பிக்கொண்ட மாவுக்குக் காரணம் வெள்ளைத் தோல் மோகம் மட்டுமன்று. பிலிமின் குறையும் ஒரு காரணந்தான். ஆனால் பிலிம் திருந்திய பிறகும் மாவு குறையவில்லையே! அதற்குப் பிலிமைக் குறை கூற முடியாது. மேனாட்டார் தம் முகத்துக்கென்று செய்த பிலிமையும் விளக்கையும் நாம் வாங்கினோம். நம் முகத்தை அவற்றுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டோமே ஒழிய, அவற்றை நம் முகத்துக்கு ஏற்பத் திருப்ப வேண்டும் என்று நினைத்தவர்கள் சிலரே.

அச்சிலரில் ஒருவர் அயல்நாட்டவரே என்பது வேடிக்கை. ஜோஸப் விர்ஷிங் (1903-1967) மியூனிக் நகரத்து ஜெர்மானியர். புத்தர் சரிதையைப் படமாக்குவதற்காக 1925-இல் இந்தியாவுக்கு வந்தார். பிறகு ஹிமான்சு ராயின் 'பம்பாய் டாக்கீஸ்' கம்பெனியில் ஒளிப்பதிவாளராக அமர்ந்து, 1936-இல் 'அச்சுத் கன்யா'வைப் படம் பிடித்தார். ஓய்ந்த வேளையில் சிறு காமிராவால் தேவிகா ராணியையும் மற்றவர்களையும் அவர் எடுத்த படங்கள் ஏராளம். யுத்த காலத்தில் ஜெர்மானியர் என்பதற்காக அவரைச் சிறை முகாமில் வைத்தார்கள். இருந்தும் இந்த நாட்டை விட்டு அவர் போகவில்லை; 'மஹல்', 'பாகீஸா' போன்ற படங்களுக்கு ஒளி கொடுத்து இங்கேயே காலமானார். அவர் எடுத்த படங்களை அவருடைய குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்தபடியால், 2017-இல் கோவாவில் அவை கண்காட்சியாக வைக்கப்பட்டன. இன்னொருவர் ஜே. எச். தாக்கர். தேசப் பிரிவினையில் கராச்சியை விட்டு வந்து, 1948-இல் பம்பாய் தாதரில் 'இந்தியா போட்டோ ஸ்டுடியோ'வை நிறுவி, நர்கிஸ் முதலானவர்களை ஹாலிவுட்டுக்குச் சிறிதும் சளைக்காத விதத்தில் படம் எடுத்தார்.

மீராவின் முகம்

தமிழ்ப் பட உலகில் ஒளியின் அருமையைக் கற்பித்தவர்களில் எல்லிஸ் ஆர். டங்கனைச் சொல்லாமலிருக்க முடியாது. அமெரிக்கரான அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகம் தெரியும். 1936-இல் 'சதி லீலாவதி'யை டைரக்ட் செய்து எம். ஜி. ராமச்சந்திரனை முதன்முதலில் திரைக்குக் கொண்டு வந்தவர் அவரே. 1945-இல் வெளிவந்த 'மீரா'வை எடுக்குமுன் அவர் செய்த காரியம் ஒன்று வெகு அபூர்வமானது. எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் முகத்தைப் பிளாஸ்டர் சிற்பமாக வடித்து வைத்துக்கொண்டார். ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் சேர்ந்து அதன்மேல் பல திசைகளிலிருந்தும் விளக்கு வெளிச்சத்தைப் பாய்ச்சி, எந்தக் கோணத்தில் எந்த ஒளி எவ்விதம் விழுகிறதென்று பரீட்சை செய்து பார்த்தார். உயிருள்ள முகத்தைச் சோர வைக்காமல், அசையாத முகத்தில் தம் சந்தேகங்களையெல்லாம் தீர்த்துக்கொண்டார். 'மீரா'வின் கண்களில் தெரியும் பக்தி அந்த அம்மையாருடையது. அந்தக் கண்களை நாம் காணும்படி செய்த வெளிச்சம், ஒரு பொம்மைக்கு முன்னால் உழைத்துக் கண்டுபிடித்தது.

படப்பிடிப்பு நிலையத்தில் 'ஸ்டில்' படம் எடுப்பவர்களின் பாடு வேறு விதம். ஒரு காட்சி முடிந்து, விளக்கை அணைப்பதற்குள் நட்சத்திரத்தை ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்துப் படம் எடுத்தாக வேண்டும். விளக்குக்காரருக்கு அவசரம், டைரக்டருக்கு எரிச்சல், நட்சத்திரத்துக்குப் பசி. அந்த ஒரு நிமிஷத்தில் பிறந்த படந்தான் ஊர் ஊராகச் சுவரொட்டியாகவும் பாட்டுப் புத்தகமாகவும் போகும். இப்படி எடுத்தவர்களில் ஆர். என். நாகராஜ ராவின் பெயரைப் பழைய படங்களின் பெயர்ப் பட்டியலில் காணலாம். போட்டோ எடுப்பதில் கொண்ட பிரியத்தால் இத்துறைக்கு வந்த 'பிலிம் நியூஸ்' ஆனந்தன், படங்களையும் செய்திகளையும் ஆயுள் முழுவதும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரத்தைப் பின்னால் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. அவர் 2016-இல் காலமானார்.

ஒழுகினசேரிச் சிரிப்பு

இனி நம் நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். மேற்சொன்ன அழகு இலக்கணப்படி பார்த்தால் அவர் முகத்துக்கு மதிப்பெண் போடுவது கஷ்டம். ஆனால் காமிராவுக்கு முன்னால் அவர் ஒரு புருவத்தை உயர்த்தினால் போதும். பென்ஸில்காரருக்கு வேலையே இல்லை. பக்கத்தில் டி. ஏ. மதுரம் நின்றுவிட்டால், ஹாலிவுட்டின் ஜோடிகள் எல்லாம் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். பெரிய அழகன் அல்லாதவனும் ஒளியில் நிற்கலாம் என்று நிரூபித்த முகம் அது.

அந்த ஒளிக்கு ஒரு நிழலும் இருந்தது. படத்தில் சிரிக்கும் முகத்தைப் பார்த்த ஜனங்களுக்கு, படத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று அறியும் ஆவல் எழுந்தது. அந்த ஆவலை மூலதனமாக வைத்து வம்புப் பத்திரிகை நடத்தியவர் லக்ஷ்மிகாந்தன். 1944 நவம்பரில் அவர் கொலையுண்டார். அடுத்த மாதமே பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். 1947 ஏப்ரலில் குற்றமற்றவர்கள் என்று விடுதலையாகும் வரை, நாடெங்கும் வீட்டுக்கு வீடு புன்னகை செய்துகொண்டிருந்த இரண்டு முகங்கள் சிறையில் இருந்தன. வெளியே வந்த கலைவாணர் மீண்டும் சிரிக்க வைத்தார். பாகவதருடைய முகத்தில் பழைய ஒளி திரும்பவில்லை. அவருடைய பிற்காலப் படங்கள் எடுபடவில்லை. ஜனங்கள் காதலித்தது மனிதரையா, விளக்கு வெளிச்சத்தையா என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை ஒரு கடுமையான பதில்.

ரோஸியின் படம் எங்கே?

இன்னும் ஒரு முகம் இருக்கிறது. இவ்வளவு தூரம் நான் எழுதி வந்தது அதற்காகத்தான்.

கன்னியாகுமரிக்குப் பக்கத்து அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்தவர் ஜே. ஸி. டானியல். நம் பிரதேசம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் சேர்ந்திருந்த காலம் அது. டானியல் தம் நிலத்தை விற்று, காமிரா வாங்கி, திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ அமைத்து, 1920-களின் இறுதியில் 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தைத் தயாரித்தார். மலையாள நாட்டின் முதல் கதைப்படம் அதுவே. அதன் கதாநாயகி பி. கே. ரோஸி. தீண்டப்படாதவர் என்று சமூகம் ஒதுக்கி வைத்த வகுப்பில் பிறந்தவர். காக்காரிசி நாடகத்தில் நடித்து வந்தவர். படத்தில் அவருக்கு உயர்குலத்து நாயர் பெண்ணின் வேஷம்.

திருவனந்தபுரம் காபிடல் கொட்டகையில் படம் திரையிடப்பட்டது. திரையில் அந்த வேஷத்தில் அவரைக் கண்ட உயர்சாதியார் சிலருக்குப் பொறுக்கவில்லை. கல் பறந்தது, திரை கிழிந்தது. தாம் நடித்த படத்தை உட்கார்ந்து பார்க்கும் பாக்கியங்கூட ரோஸிக்குக் கிட்டவில்லை. அவருடைய குடிசைக்கும் தீ வைத்தார்கள். அவர் ஊரை விட்டே ஓடினார். ஓடி வந்து சேர்ந்த இடம் நம்முடைய நாகர்கோவில். லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, ராஜம்மாள் என்ற பெயருடன், தாம் ஒரு காலத்தில் கதாநாயகி என்பதை வெளியில் சொல்லாமல், நம் தெருக்களில் நடந்து, நம் சந்தையில் காய்கறி வாங்கி வாழ்ந்து மறைந்தார்.

டானியலும் பொருளை இழந்தார். பிற்காலத்தில் பல்வைத்தியம் செய்து பிழைத்து, 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் எழுதி எழுதித்தான் உலகம் அவரை அறிந்தது. 1992 முதல் கேரள அரசு அவர் பெயரால் விருது வழங்குகிறது. 2013-இல் 'செல்லுலாயிட்' என்று அவருடைய கதை படமாகவும் வந்தது. 'விகதகுமார'னின் படச்சுருளோ அழிந்து போயிற்று.

அதே காலத்தில் டானியலின் உறவினரான ஆர். சுந்தர்ராஜ், நாகர்கோவிலிலிருந்து ராஜேஸ்வரி பிலிம்ஸ் சார்பில் 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படத்தை எடுத்தார். 1933-இல் அது வெளியானதும், நாவலின் உரிமை பற்றி வழக்கு எழுந்து, படம் முடக்கப்பட்டது. முடங்கிக் கிடந்த காரணத்தாலேயே அது பிழைத்தது! பூட்டிக் கிடந்த சுருளை 1974-இல் புனாவிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பெற்றுக்கொண்டது. நல்ல வேளையாக யாரோ ஒருவர் வழக்குப் போட்டார் என்று சந்தோஷப்பட வேண்டிய நிலையில் இருக்கிறது நம் கலைச் சரித்திரம்.

ரோஸிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அவருடையதுதான் என்று ஐயமறச் சொல்லத்தக்க புகைப்படம் ஒன்றுகூட நம் கையில் இல்லை. 2023-ஆம் வருஷம் பிப்ரவரி 10-ஆம் தேதி, அவருடைய 120-ஆவது பிறந்த நாள் என்று கூகிள் நிறுவனம் தன் முகப்பில் அவருக்குச் சிறப்புச் செய்தது. அதுவும் ஓவியர் கற்பனையால் தீட்டிய சித்திரந்தான். உலகம் முழுவதும் அன்று பார்த்த முகம் ரோஸியின் முகமன்று; அவருக்கு நாம் கடன்பட்டிருக்கும் முகம்.

கிராஃபோர்டின் புள்ளிகளை மறைப்பதற்கு ஒரு மனிதர் மணிக்கணக்காகப் பென்ஸிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். சுப்புலக்ஷ்மியின் கன்னத்தில் நிழல் விழும் இடத்தைக் காணப் பிளாஸ்டர் சிலை வடித்தார்கள். அவையெல்லாம் வேண்டியவையே, கலை அப்படித்தான் வளரும். ஆனால், ஏறக்குறைய அதே யுகத்தில், முதல் கதாநாயகியாய் நின்ற ஒரு பெண்ணின் முகத்தை ஒரே ஒரு அட்டையில் பதித்து மூன்று தலைமுறை காப்பாற்றி வைக்க நம்மால் முடியவில்லை. மேனாட்டிலும் ஸ்டுடியோக்கள் பழைய நெகடிவ்களை வேண்டாத சரக்காகக் கழித்துவிடத்தான் பார்த்தன. ஜான் கோபல் (1940-1991) என்ற சேகரிப்பாளர் அவற்றைத் தேடிப் பொறுக்கி, மறந்துபோன ஹரெல் போன்றவர்களையும் கண்டுபிடித்து உலகுக்குக் காட்டினார். நம் பக்கத்தில் அப்படி ஒருவர் தோன்றுவதற்குள், நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் பழைய போட்டோ ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாய் மூடிவிடும். நெகடிவில் வெள்ளி இருக்கிறதென்று வாங்கி உருக்குகிறவர்களும் உண்டு.

ஆகையால் குடும்பத்தினருக்கு ஒரு விண்ணப்பம். பழைய கண்ணாடிப் பிளேட்டோ, நெகடிவோ அகப்பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடற்காற்று வீசும் நம் ஊரில் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் ஒட்டிக்கொள்ளும். நல்ல காகித உறையில், உலர்ந்த இடத்தில் வையுங்கள். கண்ணாடிப் பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு படத்தையும் காட்டி, யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டு, மெல்லிய பென்ஸிலால் பின்புறம் எழுதி வையுங்கள். கல்யாணக் கூட்டத்தில் ஓரமாக நிற்கும் அயல்வீட்டு அம்மாளின் பெயரையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.